கறி, மீன், முட்டை எல்லாம் சாப்பிட்டும் பி12 குறையுதா? உள்ளுக்குள்ள இருக்கறத பாக்காம நாம பண்ற தவறுகள்

ஒரே வீட்டுல ஒரே சமையல சாப்பிடற ரெண்டு பேரு ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுக்கறாங்க, ஒருத்தருக்கு வைட்டமின் பி12 550ன்னு வருது, இன்னொருத்தருக்கு 130ன்னு வருது. உடனே வீட்டுல எல்லாரும் என்ன சொல்லுவாங்க, "நீ ஒழுங்கா சாப்பிடறதில்ல, அதான்". அவரும் அத நம்பி ஈரல், முட்டை, பால்னு ஏத்திக்கிட்டே போவாரு, மூணு மாசம் கழிச்சு பாத்தா நம்பர் அப்படியே கிடக்கும். வெளியில இருந்து எவ்வளவு போடறோம்ங்கறத மட்டும்தான் நாம கணக்கு வைக்கிறோம், உள்ள அத வாங்கிக்கறதுக்கு ஏற்பாடு இருக்கான்னு கேக்கறதே இல்ல. சாப்பாட்டுல இப்படித்தான், தூக்கத்துலயும் இப்படித்தான், ஆபீஸ்ல ஆளுங்கள வேலை வாங்கறதுலயும் இதேதான். மூணையும் பத்தி எழுதறேன், ஆனா பி12 பத்தி கொஞ்சம் அதிகமாவே எழுதுவேன், ஏன்னா அதுல நடக்கற தவறால நரம்பு நிரந்தரமா கெட்டுப்போன ஆளுங்க இருக்காங்க, தடுத்திருக்கக் கூடிய விஷயம் அது.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம். கறியிலயோ முட்டையிலயோ இருக்கற பி12 அதுல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். வயித்துல சுரக்கற ஆசிட்தான் அத பிரிச்சு எடுக்குது. அதே வயித்துச் சுவர்ல, ஆசிட் சுரக்கற அதே செல்லுங்கதான் இன்ட்ரின்சிக் ஃபேக்டர்னு ஒரு புரதத்தையும் சுரக்குது. பிரிஞ்சு வந்த பி12 சிறுகுடலுக்கு போனதும் இந்த புரதத்தோட சேர்ந்துக்கும், ரெண்டும் ஜோடியா சிறுகுடலோட கடைசி பகுதி வரைக்கும் போகும், அங்க இந்த ஜோடிய மட்டும் அடையாளம் கண்டு உள்ள இழுக்கற அமைப்பு இருக்கு. ஜோடி இல்லாம தனியா வர்ற பி12ல நூத்துல ஒரு பங்குதான் தானா கசிஞ்சு உள்ள போகும், மிச்சம் எல்லாம் வெளியதான். அப்போ ஆசிட் குறைஞ்சாலும் சிக்கல், அந்த புரதம் இல்லேன்னாலும் சிக்கல், குடலோட கடைசி பகுதி கெட்டுப்போனாலும் சிக்கல். சாப்பாட்டுல குறையே இல்லாம மூணு இடத்துல தடை வரலாம்.

இத கண்டுபிடிச்ச விதம் கேட்டா கொஞ்சம் வயித்த புரட்டும், ஆனா தெரிஞ்சுக்க வேண்டிய கதை. பெர்னிஷியஸ் அனீமியான்னு ஒரு ரத்தசோகை, 1920கள் வரைக்கும் அது வந்தா சாவுதான். 1926ல பாஸ்டன்ல மைனாட், மர்ஃபின்னு ரெண்டு டாக்டருங்க தினமும் நிறைய ஈரல் சாப்பிட வச்சா ஆளு பிழைக்கிறாங்கன்னு காட்டினாங்க, 1934ல அவங்களுக்கும் விப்பிள்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளருக்கும் சேர்த்து நோபல் பரிசு குடுத்தாங்க. ஆனா அதே ஊர்ல வில்லியம் காஸில்னு இன்னொரு டாக்டர் வேற கேள்வி கேட்டாரு. நாம எல்லாம் தினமும் ஒரு குவியல் ஈரல் சாப்பிடறதில்லையே, நமக்கு ஏன் இந்த நோய் வரல? அவரு தினமும் 300 கிராம் மாட்டுக்கறி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு அத தன் வயித்துல இருந்தே திரும்ப வெளிய எடுத்து, கொஞ்ச நேரம் வெதுவெதுப்புல வச்சு கரையவிட்டு, குழாய் வழியா நோயாளிங்களுக்கு குடுத்தாரு. அவங்களுக்கு புது ரத்த செல்லுங்க கிடுகிடுன்னு உற்பத்தியாக ஆரம்பிச்சது. வெறும் கறி குடுத்தப்போ ஒண்ணும் ஆகல, வெறும் வயித்து நீர் குடுத்தப்பவும் ஒண்ணும் ஆகல, ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை நடந்தது. கறியில இருக்கறது வெளிக் காரணி, ஆரோக்கியமான வயித்துல இருக்கறது உள் காரணின்னு 1929ல எழுதினாரு, முன்னாடி சொன்ன இன்ட்ரின்சிக் ஃபேக்டர்தான் அந்த உள் காரணி. அந்த வெளிக் காரணிதான் பி12ன்னு அத பிரிச்செடுத்து காட்ட 1948 ஆச்சு.

சரி, இப்போ தவறுகளுக்கு வருவோம்.

"நான் அசைவம், எனக்கு பி12 குறைய வாய்ப்பே இல்ல"ங்கறதுதான் எல்லாத்தையும் விட பெரிய தவறு. சைவம் மட்டும் சாப்பிடறவங்களுக்கு குறையறது நம்ம நாட்டுல சகஜம்தான், அது உண்மை, செடி கொடியில பி12 கிடையாது. ஆனா அசைவம் சாப்பிடற ஆளுக்கு குறைஞ்சா அத இன்னும் சீரியஸா எடுக்கணும், ஏன்னா சாப்பாடு சரியா இருந்தும் குறையுதுன்னா உள்ள எங்கயோ தடை இருக்குன்னு அர்த்தம். உடம்போட எதிர்ப்பு சக்தியே தன் வயித்துச் செல்லுங்கள தாக்கிட்டிருக்கலாம், தைராய்டு பிரச்சனை, வெண்புள்ளி, சின்ன வயசுலயே வர்ற டைப் 1 சுகர் இருக்கறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் இந்த வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம். வயித்துல ஆபரேஷன் பண்ணி ஒரு பகுதிய எடுத்திருக்கலாம், உடம்பு குறைக்கற பைபாஸ் ஆபரேஷன் பண்ணிருக்கலாம், குடல்ல டிபி வந்து போயிருக்கலாம் (குடல் டிபி பெரும்பாலும் சிறுகுடல் முடியற இடத்துலதான் உக்காரும், பி12 உள்ள போற இடமும் அதேதான்). இத எல்லாம் டாக்டர் கேக்காம போனா நீங்களாவது எடுத்து சொல்லுங்க. "எனக்கு இருபது வருஷம் முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆச்சு, அதெல்லாம் பழைய கதை"ன்னு விட்டுடாதீங்க, ஈரல்ல பல வருஷத்துக்கு தேவையான பி12 சேமிப்பு இருக்கறதால உள்ள வழி அடைபட்டாலும் குறை வெளிய தெரியறதுக்கு ரெண்டு மூணு வருஷம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அதனாலதான் காரணத்தையும் விளைவையும் யாரும் சேர்த்துப் பாக்கறதில்ல.

சுகர் மாத்திரையும் கேஸ் மாத்திரையும் இதுல தனியா சொல்லணும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடறவங்களுக்கு குடல் கடைசியில பி12 உறிஞ்சறது குறையும். காலையில வெறும் வயித்துல போடற பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைங்க ஆசிட்ட குறைக்கறதால கறியில இருந்து பி12 பிரியறதே குறையும். நம்ம ஊர்ல அம்பது அறுபது வயசு ஆளுங்க எத்தன பேரு இது ரெண்டையும் சேர்த்து பல வருஷமா போட்டுட்டிருக்காங்கன்னு உங்க வீட்டு மாத்திரை டப்பாவ திறந்து பாத்தாலே தெரியும். அவங்களுக்கு கால் மதமதன்னு இருக்கு, உள்ளங்கால் எரியுதுன்னா "சுகர்னால நரம்பு போச்சு"ன்னு முடிவு கட்டிடறோம். சுகர்னாலயும் இருக்கலாம், பி12 குறையறதாலயும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், பி12 பங்க மட்டுமாவது சரி பண்ண முடியுமே, அத பாக்காமலே விடறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அதுக்காக மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க, அது பெரிய தவறு, வருஷத்துக்கு ஒரு தடவ பி12 பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அது போதும். கேஸ் மாத்திரை மட்டும், ரெண்டு வாரத்துக்குன்னு எழுதி குடுத்தத மெடிக்கல்ல வாங்கி வாங்கி அஞ்சு வருஷமா போடறீங்கன்னா இன்னும் அது தேவையான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்த தவறு, "ஹீமோகுளோபின் நல்லாத்தான் இருக்கு, அப்போ பி12 பிரச்சனையா இருக்காது". பி12 குறைஞ்சா ரத்தசோகை வரும்தான், சிவப்பணு எல்லாம் பெருசு பெருசா ஆகும்தான், ரிப்போர்ட்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது 100 தாண்டும்னு படிச்சிருப்பீங்க. ஆனா ரத்தம் நார்மலா இருக்கும்போதே நரம்பு அடிவாங்க ஆரம்பிக்கலாம். இன்னொண்ணு, நம்ம பொம்பளைங்களுக்கு இரும்புச்சத்தும் சேர்ந்தே குறையும், அது சிவப்பணுவ சின்னதாக்கும், பி12 குறை பெருசாக்கும், ரெண்டும் சேர்ந்து எம்சிவி நடுவுல நார்மலா வந்து நிக்கும், ரிப்போர்ட்ட பாக்கறவங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுவாங்க. அதனால உடம்பு சொல்றத கவனிங்க. கை கால் மரத்துப்போறது, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கறது, கண்ண மூடி முகம் கழுவும்போது தள்ளாடறது, நாக்கு சிவந்து வழவழன்னு ஆகறது, விரல் முட்டியெல்லாம் திடீர்னு கறுத்துப்போறது, மறதி, காரணமே இல்லாத எரிச்சல். வயசான ஒருத்தர் தள்ளாடி நடந்தா "வயசாச்சுல்ல"ன்னு சொல்லி விட்டுடறோம், அவருக்கு ஒரு ரத்த டெஸ்ட்கூட எடுக்காம.

ஃபோலிக் ஆசிட் விஷயம் வேற இருக்கு. இதுக்கும் நம்ம நாட்டுல நடந்த ஒரு கதை உண்டு. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1920கள் கடைசியில பம்பாய்க்கு வந்து, மில் வேலை பாக்கற ஏழை கர்ப்பிணிகளுக்கு வர்ற ரத்தசோகைய ஆராய்ச்சி பண்ணாங்க. அதுலயும் சிவப்பணு பெருசாத்தான் இருக்கும், பெர்னிஷியஸ் அனீமியா மாதிரியே தெரியும், ஆனா அது வேற. ஈஸ்ட்ல செஞ்ச மார்மைட்னு ஒரு மலிவான பொருள் குடுத்தா சரியாச்சு, 1931ல அத எழுதினாங்க, அதுக்குள்ள இருந்த சத்துதான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்னு தெரிய வந்தது. மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி தெரியற ரெண்டு நோய், ரெண்டு வேற குறை. 1940கள்ல ஃபோலிக் ஆசிட் கைக்கு வந்ததும் பெர்னிஷியஸ் அனீமியா ஆளுங்களுக்கும் குடுத்துப் பாத்தாங்க, ரத்தம் அழகா ஏறிச்சு, ஆனா நரம்பு பிரச்சனை வந்துச்சு, இருந்தவங்களுக்கு மோசமாச்சு. இன்னைக்கும் "ரத்தம் ஏறற மாத்திரை"ன்னு இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்தத மட்டும் வாங்கிப்போட்டு, ஹீமோகுளோபின் ஏறினதும் நிம்மதி ஆகறோம். கர்ப்பிணிங்க ஃபோலிக் ஆசிட்ட கண்டிப்பா போடணும், அத நிறுத்த சொல்லல, பி12ஐயும் சேர்த்துப் பாருங்கன்னுதான் சொல்றேன். பி12 ரொம்ப குறைவா இருக்கற அம்மா தாய்ப்பால் மட்டும் குடுத்து வளர்க்கற குழந்தைக்கு ஆறு மாசத்துக்கு மேல சோர்வு, நடுக்கம், கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோறதுன்னு வரலாம். குழந்தை டாக்டருங்களுக்கு நம்ம நாட்டுல நல்லா தெரிஞ்ச நோய் இது, ஆனா அம்மாங்களுக்கு யாரும் சொல்றதில்ல.

டெஸ்ட் எடுக்கறதுல ஒரு தவறு இருக்கு. கை கால் குத்துதுன்னு மெடிக்கல்ல போய் சொன்னதும் ஒரு "நரம்பு ஊசி" இல்லேன்னா சிவப்பு கலர் மாத்திரை குடுப்பாங்க, ஒரு மாசம் போட்டுட்டு அப்புறம் டெஸ்ட் எடுப்போம், ரிப்போர்ட்ல 900 இல்ல 2000க்கு மேலன்னு வரும், "பாத்தியா எனக்கு பி12 குறையே இல்ல"ம்போம். ஊசி போட்டதுக்கு அப்புறம் எடுக்கற நம்பர் ஊசிய காட்டுமே தவிர உங்க வயித்த காட்டாது. முதல்ல டெஸ்ட், அப்புறம் ஊசி, முடிஞ்சா இந்த வரிசைய மாத்தாதீங்க. ரிப்போர்ட்ல pg/mL கணக்குல 200க்கு கீழ இருந்தா குறைன்னு பொதுவா எடுத்துக்குவாங்க, 200லேர்ந்து 300க்குள்ள இருந்தா சொல்ல முடியாது, அப்போ ஹோமோசிஸ்டீன், இல்லேன்னா எம்எம்ஏன்னு இன்னொரு டெஸ்ட் பாத்தா தெளிவாகும். காரணம் தெரியணும்னா இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது பாசிட்டிவ்னு வந்தா பெர்னிஷியஸ் அனீமியான்னு கிட்டத்தட்ட உறுதி, ஆனா நெகட்டிவ்னு வந்தா இல்லன்னு சொல்ல முடியாது, நோய் இருக்கறவங்கள்லயே நிறைய பேருக்கு அது நெகட்டிவா வரும்.

வைத்தியத்துல எல்லாரும் பண்ற தவறு அஞ்சாறு ஊசியோட நிறுத்தறது. முதல் வாரத்துலயே தெம்பு வந்துடும், பசி எடுக்கும், மனசு லேசாகும், உடனே சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க. ரத்தம் ரெண்டு மாசத்துல தேறிடும், நரம்பு அப்படி இல்ல, ஆறு மாசம் ஒரு வருஷம்னு எடுத்துக்கும், ரொம்ப லேட்டா வந்தா முழுசா திரும்பாமலே போகலாம். சாப்பாட்டுல மட்டும் குறைஞ்சதுன்னா சரி பண்ணிட்டு சாப்பாட்டையோ மாத்திரையையோ தொடரலாம். உள்ள சுரக்கற புரதமே இல்லாத ஆளுக்கு ஆயுசுக்கும் தேவை, அது பயமுறுத்தற விஷயம் இல்ல, சில மாசத்துக்கு ஒரு ஊசி அவ்வளவுதான், ஆனா நிறுத்தினா திரும்ப வரும். ஊசியே வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கும் வழி இருக்கு, முன்னாடி சொன்ன அந்த நூத்துல ஒரு பங்கு கசிவு இருக்குல்ல, தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போட்டா அதுல 10 மைக்ரோகிராம் உள்ள போயிடும், ஒரு நாளைக்கு நமக்கு தேவை ரெண்டு ரெண்டரை மைக்ரோகிராம்தான். ஸ்வீடன்ல பல பத்து வருஷமா இப்படித்தான் பெரும்பாலும் குடுக்கறாங்க. ஆனா சாதாரண சத்து மாத்திரையில இருக்கற ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம் இவங்களுக்கு பத்தவே பத்தாது, அட்டைய திருப்பி அளவ பாருங்க. நடக்க தள்ளாடற அளவுக்கு போன ஆளுக்கு ஊசியிலதான் ஆரம்பிப்பாங்க, அங்க மாத்திரைதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. அதே மாதிரி நரம்பு மாத்திரையில பி6 எவ்வளவு இருக்குன்னும் பாருங்க, அதிக அளவுல ரொம்ப நாள் போட்டா பி6ஏ நரம்ப கெடுக்கும், மதமதப்ப போக்க போட்ட மாத்திரையாலயே மதமதப்பு வரும்.

இட்லி மாவு புளிக்கும்போது பி12 வந்துடும், ஸ்பைருலினாங்கற பாசியில நிறைய இருக்குன்னு எல்லாம் ஃபார்வர்ட் வருது. ஸ்பைருலினால இருக்கறதுல பெரும்பகுதி பி12 மாதிரியே இருக்கற வேற பொருள், நம்ம உடம்புக்கு பயன்படாது. மாவு புளிக்கறத நம்பி நரம்ப பணயம் வைக்காதீங்க. சைவக்காரங்களுக்கு பால், தயிர், மோர் இருக்கு, அதுவும் வேண்டாம்கறவங்க மாத்திரை போட்டுத்தான் ஆகணும்.

தூக்கத்துக்கு வருவோம், இத சுருக்கமா சொல்றேன். 1729ல டி மெய்ரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பகல்ல இலை விரிச்சு ராத்திரி மூடற தொட்டாச்சிணுங்கி மாதிரி ஒரு செடிய இருட்டு ரூம்ல வச்சுப் பாத்தாரு, வெளிச்சமே இல்லாம அது நேரத்துக்கு விரிஞ்சு நேரத்துக்கு மூடிச்சு. மனுஷனுக்குள்ளயும் அந்த கடிகாரம் இருக்கு, அத செல்லுக்குள்ள ஓட்டற ஜீன்கள கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017ல ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் கிடைச்சது. வெளிச்சத்தோட தாக்கம் இல்லாம அளந்து பாத்தா நம்ம உள் கடிகாரத்தோட ஒரு சுத்து சராசரியா 24 மணி நேரம் 11 நிமிஷம்னு 1999ல ஒரு ஆராய்ச்சி சொல்லுது. அந்த மிச்ச நிமிஷத்த தினமும் காலை வெளிச்சம்தான் இழுத்து சரி பண்ணுது. இங்க நாம பண்ற தவறு என்னன்னா பதினாறு வயசு பையன் காலையில எழுந்திருக்கலேன்னா சோம்பேறின்னு திட்டறது. அந்த வயசுல கடிகாரம் தானாவே பின்னாடி தள்ளிப்போகுது, அதனாலதான் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2014ல எட்டரைக்கு முன்னாடி ஸ்கூல் ஆரம்பிக்காதீங்கன்னு சொல்லுச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு கண்ணுக்கு முன்னாடி போன் வெளிச்சம் அடிச்சா இன்னும் தள்ளும், அது அவன் கையில இருக்கு, ஆனா மொத்தமும் அவன் கையில இல்ல. நைட் ஷிப்ட்ல இருக்கறவங்க விஷயத்துல நடக்கறது அத விட மோசம், வாரத்துக்கு வாரம் ஷிப்ட மாத்தி போடறாங்க, உள் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வாக்குலதான் நகரும், அது நகர்ந்து சேர்றதுக்குள்ள அடுத்த ஷிப்ட் வந்துடும். நைட் அலவன்ஸ் குடுத்துட்டா சரியாப்போச்சுன்னு நினைக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007லயே நைட் ஷிப்ட் வேலைய "புற்றுநோய் வரவைக்க வாய்ப்பிருக்கு"ங்கற பட்டியல்ல வச்சிடுச்சு. நர்ஸுங்களும் கால் சென்டர் பிள்ளைங்களும் காலையில வீட்டுக்கு வந்து தூங்கும்போது ஜன்னல்ல கனமான திரை போட்டுக் குடுங்க, அந்த நேரத்துல காய்கறி வாங்க அனுப்பாதீங்க.

இப்போ ஆபீஸ். ஒருத்தர் ஆறு மாசமா வேலையில டல்லா இருக்காரு, சொன்னது மறக்குது, எரிஞ்சு விழறாரு, மேனேஜர் உடனே "அவரோட ஆட்டிட்யூட் சரியில்ல"ன்னு எழுதிடறாரு. இதுவும் உள் காரணத்ததான் சொல்றாரு, ஆனா தப்பான உள் காரணத்த. அடுத்தவன் தப்பு பண்ணா சூழ்நிலைய விட்டுட்டு அவன் குணம்தான் காரணம்னு பாக்கறது மனுஷங்களுக்கு பொதுவான பழக்கம், 1977ல லீ ராஸ்ங்கற உளவியலாளர் இத அடிப்படைத் தவறுன்னே பேர் வச்சு எழுதினாரு. குணத்துக்கு போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி எவ்வளவோ இருக்கு, டீம் மாத்தினீங்களா, ரெண்டு பேர் வேலைய ஒருத்தர்கிட்ட குடுத்தீங்களா, நைட் ஷிப்டா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா, தைராய்டும் பி12ம் பாத்தாச்சா. டாக்டர் வேலைய மேனேஜர் பாக்கணும்னு சொல்லல, "உடம்பு நல்லா இருக்கா, செக்கப் ஏதாவது பண்ணீங்களா, லீவு வேணுமா"ன்னு தனியா கூப்பிட்டு கேக்கறதுக்கு என்ன கஷ்டம்?

அடுத்தது இன்சென்டிவ். ஒரு ஆளு வேலைய இஷ்டப்பட்டு பாத்துட்டிருக்காரு, அவருக்கு பணத்த காட்டினா இன்னும் நல்லா பாப்பாருன்னு நினைக்கறோம். 1971ல எட்வர்ட் டெசி காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாரு. சுவாரசியமான கட்டைப் புதிர் குடுத்து சேர்க்க சொன்னாரு, ஒரு குழுவுக்கு மட்டும் ரெண்டாவது தடவ ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாலர் குடுத்தாரு, மூணாவது தடவ பணம் இல்லன்னுட்டாரு, நடுவுல ரூம விட்டு வெளிய போய் அவங்க சும்மா இருக்கற நேரத்துல என்ன பண்றாங்கன்னு பாத்தாரு. பணம் வாங்கின பசங்க புதிர தொடற நேரம் குறைஞ்சுபோச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூணு பேரு நர்சரி குழந்தைங்ககிட்ட பாத்தாங்க. ஸ்கெட்ச் பேனால வரையறது பிடிச்ச குழந்தைங்கதான் எல்லாமே. ஒரு குழுகிட்ட வரைஞ்சா சான்றிதழ் உண்டுன்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க, இன்னொரு குழுவுக்கு சொல்லாம திடீர்னு குடுத்தாங்க, மூணாவதுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா, முன்னாடியே பேரம் பேசி வாங்கின குழந்தைங்க மத்தவங்கள விட பாதி நேரம்தான் பேனாவ தொட்டாங்க. திடீர்னு வாங்கின குழந்தைங்களுக்கு ஒண்ணும் குறையல. நம்ம வீட்டுல "ஒரு படம் வரைஞ்சா ஒரு சாக்லேட்"னு ஆரம்பிக்கறோமே, தானா வரைஞ்சுக்கிட்டிருந்த குழந்தைகிட்ட, அத தயவுசெஞ்சு நிறுத்துங்க.

இத படிச்சுட்டு சில முதலாளிங்க அப்படியே தலைகீழா ஒரு தவறு பண்றாங்க, எனக்கு கோவம் வர்றது இதுலதான். "ஆர்வம் இருக்கறவனுக்கு பணம் முக்கியம் இல்ல"ன்னு சொல்லி சம்பளத்த அமுக்கறது, டீச்சருங்ககிட்டயும் நர்ஸுங்ககிட்டயும் இது சேவைன்னு சொல்லி ஓவர்டைம் காசு குடுக்காம இருக்கறது. ஹெர்ஸ்பெர்க் 1959ல பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இன்ஜினியருங்களையும் கணக்கருங்களையும் விசாரிச்சு சொன்னது என்னன்னா, சம்பளம், மேலதிகாரி நடந்துக்கற விதம், வேலை பாக்கற இடம் இதெல்லாம் மோசமா இருந்தா ஆளு வெறுத்துப்போவான், இது நல்லா இருந்தா வெறுப்பு போகும், அதுக்கு மேல உற்சாகம் வர்றதுக்கு வேலையோட உள்ளடக்கம், பொறுப்பு, சாதிச்ச உணர்வு வேணும்னு. அவரு ஆராய்ச்சி பண்ண முறைய பின்னாடி நிறைய பேரு கேள்வி கேட்டாங்க, இருந்தாலும் இந்த வித்தியாசம் வேலை பாக்கற யாருக்கும் புரியும். சரியான சம்பளம் குடுங்க, நேரத்துக்கு குடுங்க, பணத்த பத்தி யோசிக்க வேண்டாத நிலைக்கு ஆள கொண்டு வாங்க, அதுக்கு அப்புறம் ஆர்வத்த பத்தி பேசுங்க.

ஆர்வம் எதால நிக்குதுன்னும் டெசியும் ரயனும் சேர்ந்து பல வருஷம் பாத்து மூணு விஷயம் சொன்னாங்க, எப்படி பண்றதுங்கறதுல கொஞ்சமாவது தன் முடிவு, நமக்கு இது வருதுங்கற நம்பிக்கை, கூட இருக்கறவங்க நம்மள மனுஷனா மதிக்கறாங்கங்கற உணர்வு. 1999ல 128 ஆராய்ச்சிகள ஒண்ணா சேர்த்துப் பாத்தப்போ, முன்னாடியே சொல்லிக் குடுக்கற பரிசு சுவாரசியமான வேலையில ஆர்வத்த குறைக்குது, நல்லா பண்ணத வாயால சொல்ற பாராட்டு ஏத்துதுன்னு வந்தது. "சூப்பர்"னு பொதுவா சொல்றத விட "அந்த கஸ்டமர் கத்தினப்போ நீங்க கணக்க வரி வரியா காட்டி புரிய வச்சீங்கல்ல, அது நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லுங்க, எது நல்லா வந்ததுன்னு ஆளுக்கு தெரியும்.

அதுக்காக இன்சென்டிவே கெட்டதுன்னு தூக்கி எறியறதும் தப்பு. 2014ல நாப்பது வருஷ ஆராய்ச்சிகள தொகுத்துப் பாத்ததுல, எவ்வளவு வேலை முடியுதுங்கறதுக்கு இன்சென்டிவும், எவ்வளவு தரமா முடியுதுங்கறதுக்கு உள்ளார்ந்த ஆர்வமும்தான் அதிகம் தொடர்பா இருந்துச்சு. டிசைன் பண்றவர், கோட் எழுதறவர், பாடம் நடத்தறவர் இவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் விலை போட்டா எண்ணிக்கை வரும், தரம் போயிடும். கவர் ஒட்டறது, பில்ல கம்ப்யூட்டர்ல ஏத்தறது, பெட்டி அடுக்கறது மாதிரி வேலையில குறையறதுக்கு அங்க ஆர்வம் ஒண்ணும் பெருசா இருக்காது, அங்க பீஸுக்கு இவ்வளவுன்னு தெளிவா பேசி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கைல குடுத்துடுங்க.